துணை நிற்றலின் எல்லை

சிங்கப்பூரின் சைனாடவுனில், கிரேத்தா ஆயர் சதுக்கத்தில், முதியோர் பலர் கூடிச் சீனச் சதுரங்கம் ஆடுவதை இன்றும் காணலாம். ஆடுவோர் இருவரே, சூழ நின்று பார்ப்போரோ பலர். ஆடுபவர் காணத் தவறிய நகர்த்தல் ஒன்று பின்னால் நிற்பவர் கண்ணுக்குப் பளிச்செனத் தெரிந்துவிடும். தெரிந்ததும் சொல்லிவிட வேண்டுமென்று அவர் நாக்குத் துடிக்கும். சதுரங்கப் பலகையின் அருகே வாய் திறவாமல் நிற்பவனே மெய்யான பண்பாளன் என்னும் கருத்துடைய முதுமொழியொன்று சீனரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அப்படியொரு மொழி பிறக்க வேண்டியிருந்தமையே, வாய் திறப்போர் எக்காலத்தும் மிகுதியாக இருந்தனர் என்பதற்குச் சான்று. பல்லாங்குழி ஆடிய தமிழர் இல்லங்களிலும் நிலைமை வேறாக இருந்ததில்லை. அருகமர்ந்த பாட்டி பேத்திக்கு நல்ல குழியைக் கண்ணால் காட்டுவாள். எதிரே அமர்ந்தவள் முத்துகளைக் கலைத்துவிட்டு எழுந்து போவாள்.

பார்ப்பவர் பேசலாகாது என்று விதி செய்துவிடலாம். ஆனால் ஆட்டத்தின் உள்ளேயே ஒருவர் துணையாக அமர்த்தப்பட்டால் அவர்க்கு எவ்விதி பொருந்தும்? உதவுவதே அவர் தொழில். உதவாது நிற்பின் அவர் ஏன் வந்தார் என்ற கேள்வி எழும். முழுதும் உதவிவிட்டாலோ ஆடுபவர் ஏன் வந்தார் என்ற கேள்வி எழும். இவ்விக்கட்டு இன்று கணினி விளையாட்டுகளை வடிவமைப்போர் முன் வந்து நிற்கிறது. விளையாட்டுப் பிள்ளைகளின் காரியம் என்று இதனை ஒதுக்கிவிடுதல் தகாது. ஒருவர்க்கு உதவுவது எப்போது அவர்க்கு நன்மையாகிறது, எப்போது அவரிடமிருந்து ஒன்றைப் பறிப்பதாகிறது என்னும் அறக்கேள்வி அதனுள் அடங்கியுள்ளது.

தாவி ஏறிச் செல்லும் விளையாட்டு வகையைச் சிறுவர் அனைவரும் அறிவர். திரையில் சிறு உருவம் ஒன்று ஓடும்; பள்ளத்தைத் தாண்டும்; ஒரு மேடையிலிருந்து மற்றொரு மேடைக்குத் தாவும். ஜப்பானில் 1981இல் தோன்றிய டாங்கி காங், 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆகியவை இவ்வகையை உலகெங்கும் பரப்பின. விரல் விரைவைக் குறைத்துச் சிந்தனையைக் கூட்டிப் பின்னர் எழுந்தவை புதிர்த் தாவல்கள். அவற்றில் மேடை எட்டாத உயரத்தில் இருக்கும். எதை நகர்த்தினால், எதன்மேல் ஏறினால் எட்டும் என்று ஆடுபவரே கண்டறிதல் வேண்டும். இத்தகைய ஆட்டத்தில் ஒரு துணைப்பாத்திரத்தைச் சேர்த்தால் ஆட்டம் உயிர்பெறும், தனிமை நீங்கும். ஆயினும் சேர்த்த மறுகணமே தொல்லை தொடங்கிவிடும். 1998இல் வெளிவந்த செல்டா விளையாட்டொன்றில் நாவி என்னும் சிறு தேவதை கதைத்தலைவனைச் சுற்றிப் பறந்து, கேளாத போதெல்லாம் கூவி அழைத்து அறிவுரை கூறும். ஆட்டம் பெரும்புகழ் பெற்றது. அத்தேவதையின் குரலோ இன்றளவும் ஆடினோரின் நகைப்புக்கும் சலிப்புக்கும் இடமாக இருக்கிறது. அவள் கூறியவற்றுள் பொய் எதுவுமில்லை. காலமறியாமல் கூறினாள் என்பதே குற்றம்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். நழுவும் ஆடையைப் பற்ற விரைந்து செல்லும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அக்கை யோசிப்பதில்லை, அனுமதி கேட்பதில்லை, தாமதிப்பதில்லை. இடுக்கணில் உதவிக்கு அதுவே இலக்கணம். ஆனால் புதிர் என்பது இடுக்கண் அன்று. இடுக்கண் ஒருவர் வேண்டாமலே அவர்மேல் வந்து விழுவது. அதை நீக்கினால் அவர் மகிழ்வார். புதிரோ ஒருவர் தாமே தேடிச் சென்று ஏற்றுக்கொண்டது. அதன் கடினமே அவர் விரும்பிய பொருள். விடுகதை போட்ட தோழியிடம் விடையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டவள் விடுகதையை இழந்தவளாகிறாள். விடை கையில் இருக்கிறது. அதனால் அவளுக்கு ஆவது ஒன்றுமில்லை. எனவே வள்ளுவர் கூறிய விரைந்த கை இடுக்கணில் நட்பாகிறது. புதிரில் அதுவே களவாகிவிடும்.

இவ்வளவும் ஏட்டில் எளிது. நடைமுறையில் இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதுதான் சிக்கல். மேடையருகே சிறுமி அசையாமல் நிற்கிறாள். அவள் சிந்திக்கிறாளா, சோர்ந்துவிட்டாளா? துணை நிற்பவன் அவள் முகத்தைப் பார்க்க இயலாது. விசைகளை அவள் அழுத்தும் முறையை மட்டுமே காண்கிறான். ஆகவே, அவள் உள்ளத்தில் இருப்பது யாது என்று உணர்வதே துணைவனின் முதற்கடமையாகிறது.

இக்கடமையை இயந்திரத்துக்குக் கற்பிக்கும் முயற்சியொன்று சிங்கப்பூரிலேயே நடைபெற்றுள்ளது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும், அந்நாளில் இங்கு இயங்கிய ஊடக மேம்பாட்டு ஆணையமும் 2006இல் கைகோத்துக் கேம்பிட் என்னும் விளையாட்டு ஆய்வகத்தை உருவாக்கின. 2012 வரை நீடித்த அக்கூட்டு முயற்சியில் சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களையும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளையும் சேர்ந்த மாணவர்கள் கோடைதோறும் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகருக்குச் சென்று, சில வாரங்களுக்குள் சிறு சிறு விளையாட்டுகளை ஆக்கினர். 2009இல் அங்குத் தோன்றிய வேக்கர் என்பது சிதைந்துபோன ஒரு குழந்தையின் கனவுக்குள் பாதை அமைத்துச் செல்லும் புதிர்த் தாவல்; இடப்பெயர்ச்சி, திசைவேகம் என்னும் இயற்பியல் கருத்துகளை அது ஆட்டத்தின் போக்கிலேயே புலப்படுத்தியது. அதே ஆண்டில் உருவான டியர்த் என்னும் விளையாட்டில், வறட்சியில் வாடும் நிலத்தைக் காக்க மந்திரவாதிகள் இருவர் இணைந்து போராட வேண்டும். உடனாட மனிதத் தோழர் இல்லையெனில் கணினியே இரண்டாமவராக நிற்கும்.

கணினி அப்படி நிற்பதற்கு என்ன தேவை என்பதை ஆராய்ந்தவர்களுள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷூ, லீ வீ சுன், லியோங் சே யுன் ஆகியோரும், மாசசூசெட்ஸ் கழகத்தின் லெஸ்லி கேல்பிளிங், தோமஸ் லொசானோ-பெரெஸ் ஆகியோரும் அடங்குவர். அவர்கள் தம் ஆய்வுத் துணைவர்களோடு 2011இல் வெளியிட்ட கட்டுரையில், நோக்கம் உணர்ந்து துணை செய்யும் முறையொன்றை விளக்கிக் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்ட விளையாட்டு மிக எளியது. சுற்றுவழிகள் நிறைந்த இடமொன்றில் பேய்கள் சில திரிகின்றன. மனிதன் அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும். அவனுக்குத் துணை ஒரு நாய். மனிதனோ நாயோ பார்வைக்கு எட்டினால் பேய் ஓடிவிடும். எனவே ஒருவர் துரத்த மற்றவர் மறித்து நிற்றல் வேண்டும். மனிதன் எந்தப் பேயைத் துரத்துகிறான் என்று அவன் சொல்வதில்லை, நாயும் கேட்பதில்லை. அவன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலிருந்தும் அவன் கருத்து எதன்மேல் உள்ளது என்னும் ஊகத்தை நாய் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. மேற்குப் பேயை நோக்கி ஓரடி வைத்தால் அதன்மேல் ஐயம் சற்று வலுக்கும். அடுத்த அடி கிழக்கே திரும்பினால் தளரும். மனிதன் இடைவழியில் மனம் மாறக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்தே அது எண்ணுகிறது. ஊகத்தை இவ்வாறு திருத்தும் கணிதம் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியாரின் பெயரால் வழங்குகிறது. பேய் பிடிக்கும் வேலைக்குப் பேய்ஸ் துணைநின்றது தமிழர்க்கு மட்டுமே புன்முறுவல் தரும் பொருத்தம்.

அந்நாயிடம் கவனிக்கத் தக்கது அதன் கணிதம் மட்டுமன்று. அதனால் பேயைச் சுட முடியாது. விரட்டலாம், மறிக்கலாம், ஒதுக்கலாம். வீழ்த்துவது மனிதன் ஒருவனாலேயே ஆகும். உதவியின் எல்லை அறிவுரையாக அதற்குக் கற்பிக்கப்படவில்லை. அதன் உடலிலேயே வரையப்பட்டுவிட்டது. ஆய்வாளர்கள் இதனை அறநெறியாகக் கருதி அமைத்தனர் எனக் கூறுவதற்கில்லை. ஆய்வுக்கு வசதியாக இருந்திருக்கலாம். எனினும் எவ்வளவு கூர்மையாக மனிதனின் உள்ளத்தை அறிந்தாலும் அந்நாய் அவனுடைய வெற்றியைத் தனதாக்கிக்கொள்ள வழியில்லை என்பது பெரிதும் சிந்திக்கத் தக்கது.

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்தில் வேறொரு துணையின் நினைவு எழாமல் இராது. அகப்பொருள் மரபில் செவிலியின் மகளாகிய தோழிக்குத் தலைவியின் களவொழுக்கத்தை யாரும் சொல்வதில்லை. அவளாகவே உணர்கிறாள். அவ்வுணர்ச்சியை இலக்கணம் மூவகையாகப் பகுத்தது. தலைவியின் கண்ணிலும் தோளிலும் நடையிலும் தோன்றும் வேறுபாட்டைக் கண்டு தானே உணர்வது முன்னுற உணர்தல். தலைவன் தன்பால் வந்து குறையிரந்து நிற்பதைக் கண்டு உணர்வது குறையுற உணர்தல். தலைவியும் தானும் ஒருங்கிருக்கும்போது அவன் வரவும், இருவர் பார்வையையும் சேர்த்துக் கண்டு உணர்வது மூன்றாவது. ஒருத்தியிடம் தோன்றும் அறிகுறி, மற்றவன் கொண்ட வேண்டுகோள், இரண்டும் கூடுமிடத்தில் பெறும் உறுதி என்று இவ்வளவு நுட்பமாகப் பகுத்த மரபு வேறு மொழிகளில் உண்டா என்பது ஆராய்தற்குரியது. திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் தலைப்பே 71ஆம் அதிகாரத்துக்கும் 110ஆம் அதிகாரத்துக்கும் அமைந்திருப்பதும் இங்கு எண்ணத் தக்கது. அரசவையிலும் காதலிலும் ஒரே திறன் வேண்டப்பட்டது.

உணர்ந்த தோழி செய்வது யாது? தலைவிக்காகத் தான் காதலிப்பதில்லை. தலைவனை இழுத்து வந்து மணமேடையில் நிறுத்துவதுமில்லை. இரவில் வரும் வழியின் ஏதத்தைச் சொல்கிறாள். காவல் மிகுந்ததைச் சொல்கிறாள். இனிப் பகலில் வருக என்கிறாள், பகலில் வந்தால் ஊரார் பழி தூற்றுவர் என்கிறாள். வரைவு கடாதல் என்னும் அத்துறை முழுவதும், தலைவன் தானே மணத்தைத் துணியும்படி நிலைமையைச் சிறிது சிறிதாக நெருக்கும் கலையே ஆகும். துணிவு அவனுடையது, அத்துணிவு பிறக்கும் சூழல் தோழியுடையது. நாய் பேயை மூலைக்கு ஒதுக்கியதும் இதே வினைதான்.

இக்கருத்தை வடிவமைப்பில் வைத்துப் பார்க்க, சிறு விளையாட்டு ஒன்றைக் கற்பனை செய்து கொள்க. களம் லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையை ஒட்டிய அப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்நடை வணிகம் செழித்திருந்தது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்களில் அந்த நாள் இன்னும் தங்கியிருக்கிறது. கெர்பாவ் என்னும் மலாய்ச் சொல்லுக்கு எருமை என்று பொருள். 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டமையால் கடைவீடுகளின் பழைய முகப்புகள் பல அழியாமல் நிற்கின்றன. ராஃபிள்சின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டம் வகுத்த ஐந்தடி நடைபாதை வீட்டுக்கு வீடு தரைமட்டம் மாறி, ஓரிடத்தில் ஒரு படி ஏறி, மற்றோரிடத்தில் இரு படி இறங்கிச் செல்வது. தாவல் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தெருவை வரைந்துதான் ஆக வேண்டுமென்பதில்லை. இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆடுபவர் நடத்துவது ஒரு சிறுமியை. அவளால் ஓடவும் தாவவும் அழைக்கவும் இயலும். துணை ஓர் எருமை. அது கனமானது, நீரையும் வைக்கோலையும் நாடுவது, தாவ அறியாதது, படியேறாதது. கடைவீட்டு முகப்பில் நீண்ட பலகையொன்று கட்டையின்மேல் ஏற்றமரம் போலக் கிடக்கிறது. மறுமுனையில் எருமை மிதித்தால் இம்முனை எழும். சிறுமி ஓட்டுக்கூரைக்குத் தாவலாம். புதிர் இவ்வளவே. இனி எருமை எப்போது மிதிக்க வேண்டும் என்பது கேள்வி.

சிறுமி பலகையருகே வந்ததுமே எருமை தானாகப் போய் மிதிக்கும்படி அமைக்கலாம். முதன்முறை அது வியப்பளிக்கும். இரண்டாம் முறை வசதியாக இருக்கும். மூன்றாம் முறை ஆடுபவர் பலகையைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். எருமை போகும் இடத்துக்குப் பின்னால் போய் நின்றால் போதும் என்று அவர் கற்றுக்கொள்வார். அப்போது சிறுமி எருமைக்குத் துணையாகிவிடுகிறாள். அழைத்தால் மட்டுமே வரும்படி அமைப்பின் இக்குறை நீங்கும். ஆனால் பலகையின் இயல்பே விளங்காத குழந்தை கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்று, இறுதியில் விளையாட்டை மூடிவிட்டுப் போய்விடும். நெடுநேரம் நின்றால் எருமை பலகையை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் என்பது மூன்றாவது வழி. வடிவமைப்போர் பெரிதும் நாடுவது இதனையே. சொல்லாமல் காட்டுதல், அதுவும் சற்றே காட்டுதல், பாட்டியின் கண்சாடையை ஒத்தது.

ஆயின் நெடுநேரம் என்பது எவ்வளவு நேரம்? இங்கே கடிகாரத்தை நம்புவோர் பலர். முப்பது நொடி கழிந்தால் குறிப்பு, அறுபது நொடி கழிந்தால் விடை என்று வகுத்துவிடுகின்றனர். கடிகாரம் நல்ல சாட்சியன்று. அசையாமல் நிற்கும் குழந்தை ஆழ்ந்த சிந்தனையில் இருக்கலாம். அந்த அமைதியே ஆட்டத்தின் சிறந்த நேரமாக இருக்கலாம். அதைக் குலைக்கும் குறிப்பு நாவியின் கூவலுக்கு நிகரானது. காலத்தைவிட நம்பத்தக்க அடையாளம் பிழையின் இயல்பில் உள்ளது. ஒருவர் இடப்பக்கமிருந்து தாவிப் பார்க்கிறார், பின்னர் வண்டியைத் தள்ளிப் பார்க்கிறார், எருமையின் முதுகில் ஏறிப் பார்க்கிறார், ஒவ்வொன்றும் தோற்கிறது. அவருடைய பிழைகள் வெவ்வேறானவை. அவர் புதிருக்குள் உயிரோடு இருக்கிறார். அவரை விட்டுவிடுதல் வேண்டும். மற்றொருவர் அதே இடத்திலிருந்து அதே தாவலை ஒன்பது முறை தாவி ஒன்பது முறை விழுகிறார். ஒரே பிழையின் மறுபதிப்பு அது. அவர் புதிரைவிட்டு வெளியேறி இடுக்கணுக்குள் விழுந்துவிட்டார். எருமை திரும்பிப் பார்க்க வேண்டிய நேரம் அதுவே. வகுப்பில் பயிற்சித்தாள் திருத்தும் ஆசிரியர் இவ்விருவரையும் நன்கறிவார். விடையைப் பார்த்தன்று, அழித்து எழுதிய தடங்களைப் பார்த்து.

இதற்கு மறுப்பொன்று உண்டு; அது வலியது. எருமைக்கு விடை தெரியும். விளையாட்டை எழுதியவர் அதனுள் விடையை வைத்திருக்கிறார். தெரிந்தும் தெரியாததுபோல் அது வைக்கோல் மென்று கொண்டிருப்பது ஒருவகை வஞ்சனை ஆகாதா? நடிக்கும் நண்பன் நண்பனா? விடையை மறைத்து, தானும் தேடுவதுபோல் பாவனை செய்யும் துணையை ஆடுபவர் ஒருநாள் கண்டுகொள்வார்; கண்டுகொண்டபின் அவர் உறவில் கசப்பே எஞ்சும். விடை தெரிந்த ஆசிரியர் "எனக்கும் தெரியவில்லையே" என்று நடிக்கும்போது மாணவர் முகத்தில் தோன்றும் குறுநகையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

வஞ்சனை இன்றித் துணை நிற்க வழி, அறிவை மறைப்பதில் இல்லை. ஆற்றலை வரையறுப்பதில் உள்ளது. பேய் பிடிக்கும் நாய் சுடத் தெரியாததுபோல் நடிக்கவில்லை. அதனால் சுட முடியாது. 2001இல் வெளிவந்த இக்கோ என்னும் ஜப்பானிய விளையாட்டில், கோட்டையில் சிறைப்பட்ட சிறுவன் யோர்டா என்னும் பெண்ணின் கையைப் பற்றி அழைத்துச் செல்கிறான். அவன் ஏறும் சுவர்களில் அவளால் ஏற இயலாது. அவள் திறக்கும் மந்திரக் கதவுகளை அவனால் திறக்க இயலாது. அவள் பேசும் மொழியும் அவனுக்குப் புரியாது. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கிறது. எவரும் எதையும் மறைக்கவில்லை. எருமையும் அவ்வாறே அமையட்டும். அதற்குக் கனம் உண்டு, தாவல் இல்லை. நீரை நாடும், ஏணியை நாடாது. எருமைமாட்டின்மேல் மழை பெய்தாற்போல் என்று பொறுமையின்மையோடு கூறுகிறோர் கூறட்டும். அதன் அசையாமையே இந்த ஆட்டத்தில் அதன் பெருந்தன்மை.

துணையின் வேலை இத்தோடு முடிந்துவிடுவதில்லை. சிலர்க்கு இடர் புதிரில் இல்லை. புதிருக்கு வெளியே இருக்கிறது. விரல் விரைந்து இயங்காதவர், கண்பார்வை குன்றியவர், நடுக்கமுள்ள முதியவர் ஆகியோர் விடையைக் கண்டுபிடித்துவிட்டும் தாவ முடியாமல் விழுவர். அவர்களைக் கடினம் மனத்தை உரமாக்கும் என்று கூறித் தனியே விடுவது கொடுமை. 2007இல் கேம்பிட் மாணவர்கள் ஆக்கிய ஆடியாடிசி என்னும் இசைவிளையாட்டு, பார்வையுள்ளோரும் இல்லாதோரும் ஒருங்கு ஆடும்படி ஒலியையே அடிப்படையாகக் கொண்டது. 2018இல் வெளிவந்த செலஸ்ட் என்னும் மலையேற்றத் தாவல் விளையாட்டு, ஆடுபவர் விரும்பினால் உலகின் வேகத்தையே தளர்த்திக்கொள்ளவும், பிடி தளராமல் தொங்கவும் இடமளித்தது. எந்தப் பாதையில் ஏறுவது என்பதை அது சொல்வதில்லை. புதிரை விட்டுவிட்டு, புதிரல்லாத இடரை மட்டும் நீக்கிய உதவி அது. இடுக்கணுக்கு விரைந்த கை, புதிருக்குப் பொறுத்த கை. இரண்டும் ஒரே ஆட்டத்தில் ஒரே துணையிடம் அமையக்கூடும்.

நின்டெண்டோ நிறுவனம் 2009இல் வெளியிட்ட மாரியோ விளையாட்டொன்றில் வேறொரு தீர்வைக் கையாண்டது. ஒரு கட்டத்தில் எட்டு முறை உயிரிழந்தால் பச்சைநிறக் கட்டியொன்று தோன்றும். அதை முட்டினால் மாரியோவின் தம்பி லுயிஜி வந்து அக்கட்டத்தைத் தானே ஆடிக் காட்டுவான். ஆடுபவர் விரும்பிய இடத்தில் குறுக்கிட்டு ஆட்டத்தைத் தம் கைக்கு மீட்டுக்கொள்ளலாம். முட்டாமலும் போகலாம். உதவி காத்து நிற்கிறது, திணிக்கப்படவில்லை. மீட்டுக்கொள்ளும் உரிமையும் உண்டு. இதுவரை பாராட்டத் தக்கதே. ஆயினும் அந்நிறுவனத்தார் மற்றொன்றும் செய்தனர். முழு ஆட்டத்திலும் ஒருமுறையேனும் அக்கட்டி தோன்றியிருந்தால், இறுதியில் பெறும் விண்மீன்கள் மின்னுவதில்லை. உதவியை ஏற்காவிட்டாலும், உதவி முன்வந்த அளவிலேயே ஒளி குறைகிறது. தேர்ச்சிக்கும் தேவைக்கும் இடையே வேறுபாடு காட்டுவது தவறன்று எனச் சிலர் வாதிடுவர். எட்டு முறை விழுந்தும் விளையாட்டை விட்டுப் போகாத குழந்தையின் உறுதி, ஒருமுறையும் விழாதவனின் திறமையைவிடத் தாழ்ந்ததா என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

சிங்கப்பூர் வகுப்பறைகளுக்கு இவை தொலைவான செய்திகள் அல்ல. குறைவாகக் கற்பித்து நிறைவாகக் கற்கச் செய்தல் என்னும் கருத்தை 2004ஆம் ஆண்டுத் தேசிய தினக் கூட்ட உரையில் பிரதமர் லீ சியன் லூங் முன்வைத்தார். அதற்குப் பின்னும் துணைப்பாட வகுப்புகள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. 2017, 2018ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட குடும்பச் செலவின ஆய்வின்படி இந்நாட்டு இல்லங்கள் துணைப்பாடத்துக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 140 கோடி வெள்ளி செலவிட்டன. துணைப்பாடம் எல்லாம் தீது என்பது முறையன்று. வீட்டில் தமிழ் பேசப்படாத குழந்தைக்குச் சொற்களே இடராக இருக்கின்றன; அவ்விடரை நீக்கும் ஆசிரியர் செலஸ்ட் செய்ததைச் செய்கிறார். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்வித்துத் தேர்வுக்கு அனுப்புபவரோ பலகையைத் தானே மிதிக்கும் எருமையாகிறார். 2022இன் இறுதி முதல் எக்கேள்விக்கும் நொடியில் கட்டுரை எழுதித் தரும் உரையாடல் இயந்திரங்களும் மாணவர் கைக்கு வந்துவிட்டன. அவற்றால் நாயைப்போல் மறித்து நிற்கவும் முடியும், சுடவும் முடியும். தன்னால் முடிந்ததைச் செய்யாமல் நிற்கும் துணையை ஆக்குவது, முடியாத துணையை ஆக்குவதைவிட மிகவும் அரிய வேலை. அந்த எல்லையை இயந்திரத்தின் உடலில் வரைவதா, பயன்படுத்தும் மாணவர் தம் மனத்தில் வரைந்துகொள்வதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒன்பது வயதுக் குழந்தையிடம் இரண்டாவதை எதிர்பார்ப்பது பெரியவர்களின் சோம்பலையே காட்டும்.

எருமையின் கதைக்குக் கடைசிக் கட்டம் ஒன்று எஞ்சியிருக்கிறது. கடைவீடுகளின் பின்புறச் சந்தில் இரும்பாலான சுழற்படிகள் மேல்மாடிக்குச் செல்கின்றன. எருமை படியேறாது. சிறுமி தனியே ஏற வேண்டும். மேலே பலகை உண்டு, ஏற்றமரம் உண்டு. மிதிக்க எருமை இல்லை. அரிசி மூட்டைகளையும் பூக்கூடைகளையும் அடுக்கிக் கனத்தை அவளே உண்டாக்க வேண்டும். இதுவரை எருமையிடம் கற்றது அனைத்தும் அவள் கைக்கு வந்துவிட்டதா என்பதற்கு அதுவே தேர்வு. பெரும்பாலான குழந்தைகள் ஏறிச் சென்று வென்றுவிடுவர். சிலர் பாதிப் படியில் நின்று, திரும்பி இறங்கி வந்து, எருமையின் அருகில் நிற்பர். அவர்களுக்கு அடுத்த படியைச் சுட்டும் அம்புக்குறி ஒன்றை ஒளிரச் செய்யலாமா, எருமை தலையைத் திருப்பிக்கொள்ளலாமா, அல்லது எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றும் நிகழாமல் இருவரும் அந்தச் சந்தில் அப்படியே நிற்க விட்டுவிடலாமா என்பதை, அந்த விளையாட்டை எழுதுபவர் அந்தக் குழந்தை வருமுன்னரே தீர்மானித்திருத்தல் வேண்டும்.